அறியாத கரையோரம், அறிந்த படகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏழு மீட்டர் நீளமுள்ள விசைப்படகு ஒன்றை ஆறு ஆண்டுகளாக ஒரே விரிகுடாவுக்குள் ஓட்டிவருகிறேன். 150 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டிய எஞ்சின். எரிபொருள் தொட்டி 180 லிட்டர் கொள்ளும். வரும் விடுமுறையில் மனைவியையும் நண்பர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, இதுவரை நான் பார்த்தேயிராத கரையோரமாக 45 கடல் மைல் சென்று, ஓர் ஆற்றுமுகத்திலுள்ள சிறு துறைமுகத்தில் இரவு தங்கி, மறுநாள் திரும்ப எண்ணியுள்ளேன். திட்டமிடுவதை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: மேசையிலிருந்து தொடங்குங்கள். கடல் வரைபடத்தை விரித்துவைத்து ஒரு மாலைப்பொழுதை முழுவதுமாக அதற்கு ஒதுக்குங்கள். பழகிய விரிகுடாவில் எந்தத் திட்டின் மேல் நீரின் நிறம் மாறும், எந்த மூலையில் பிற்பகல் காற்று திரும்பும், எஞ்சின் நின்றுபோனால் படகு எந்தப் பக்கம் அடித்துச் செல்லப்படும் என்பதெல்லாம் உங்களை அறியாமலேயே உங்களுக்குத் தெரியும். புதிய கரையோரத்தில் அந்த அறிவு கையில் இருக்காது. அதில் எவ்வளவை வரைபடத்திலிருந்தும், அந்தக் கடற்பகுதிக்கான வழிகாட்டி நூலிலிருந்தும், அங்கே அன்றாடம் படகோட்டுபவர்களிடமிருந்தும் முன்கூட்டியே திரட்ட முடிகிறதோ அவ்வளவுதான் உங்கள் திட்டம்.

முதலில் வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தைப் படியுங்கள். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆழங்கள் மீட்டரிலா, பாகத்திலா, அடியிலா என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். ஒரு பாகம் என்பது ஆறு அடி, அதாவது ஏறத்தாழ 1.83 மீட்டர். பாகத்தில் குறித்த 2 என்ற எண்ணை மீட்டர் என்று எண்ணிக்கொள்பவர் தப்பித்துக்கொள்வார். அடியில் குறித்த 2 என்ற எண்ணை அப்படி எண்ணிக்கொள்பவர் தரைதட்டுவார். ஆழங்கள் பெரும்பாலும் கடல் மிகவும் வற்றியிருக்கும் மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. பாலங்கள், மின்கம்பிகள் ஆகியவற்றின் உயரமோ கடல் நன்கு ஏறியிருக்கும் மட்டத்திலிருந்து கணக்கிடப்படும். இரண்டுமே உங்கள் பாதுகாப்பை முன்னிட்டுக் குறைத்துக் காட்டப்படுபவை. எண்ணின் கீழே கோடிட்டிருந்தால் அது ஆழம் அன்று. நீர் வற்றும்போது அந்த இடம் அவ்வளவு உயரத்துக்கு வெளியே தெரியும் என்பதே அதன் பொருள். அளவெடுத்த ஆண்டைக் காட்டும் சிறு கட்டம் இருந்தால் அதையும் பாருங்கள். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழம் பார்த்த காலத்தில் எடுத்த அளவுகள் இன்னும் பல வரைபடங்களில் இடம்பெற்றுள்ளன. அவற்றில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் பாறை இல்லை என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

அடுத்து, செல்லும் பாதையைப் பென்சிலால் வரைந்து, திரும்ப வேண்டிய இடந்தோறும் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அது அட்சரேகையின் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறையச் சமம். ஆகவே தொலைவை வரைபடத்தின் பக்கவாட்டு அளவுகோலில், பாதை செல்லும் அதே மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். மேல்விளிம்பில் உள்ள தீர்க்கரேகை அளவில் வைத்து அளப்பவர், நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தவறான தொலைவைப் பெறுவார். ஒவ்வொரு துண்டுக்கும் திசை, தொலைவு, எடுக்கும் நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அதை நனையாத உறையிலிட்டுச் சுக்கானருகே ஒட்டிவிடுங்கள். 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல், வேகத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு மைல் கடக்கும்; அடுத்த மிதவை ஒன்பதாவது நிமிடத்தில் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்து, பன்னிரண்டாவது நிமிடத்திலும் அது தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலை.

கரையிலிருந்து எவ்வளவு தள்ளிச் செல்வது என்பதை உங்கள் ஒற்றை எஞ்சினை மனத்தில் வைத்துத் தீர்மானியுங்கள். காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் நாளில் எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாட் வேகத்தில் படகு பாறைக்கரையை நோக்கித் தள்ளப்பட்டால், ஒரு மைல் தள்ளி இருந்தவருக்கு அரைமணி நேரம் கிடைக்கும். கால் மைல் தள்ளி இருந்தவருக்கு ஏழரை நிமிடம். அந்த நேரத்துக்குள் நங்கூரம் கீழே இறங்கிப் பிடித்திருக்க வேண்டும். கயிறும் சங்கிலியும் சேர்ந்து, நீரின் ஆழத்துடன் நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனையான அணியம் வரையுள்ள உயரத்தையும் கூட்டிய அளவைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விடப்பட்டால்தான் நங்கூரம் தரையைக் கவ்வும். 10 மீட்டர் ஆழத்தில் 30 மீட்டர் கயிற்றை விட்டுவிட்டு நங்கூரத்தைக் குறைசொல்வது சரியாகாது. கயிற்றை மாலையில் அவிழ்த்து அளந்து, மறுமுனை படகில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாத கயிறு நங்கூரத்தோடு சேர்ந்து முழுவதுமாக ஓடி மறைந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இவற்றைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. பாதையின் ஒவ்வொரு துண்டிலும் எங்கே ஒதுங்கலாம், எந்த இடம்வரை திரும்பிவிடலாம் என்பதைக் குறித்துவைத்து, திரும்புவதற்கான நிபந்தனையையும் எண்களாக எழுதிவையுங்கள். "கரை கடலுக்குள் நீளும் முதல் முனையைப் பத்தரை மணிக்குள் கடக்காவிட்டால் திரும்புவது, அங்கே எரிபொருள் 120 லிட்டருக்குக் கீழே போயிருந்தால் திரும்புவது, அந்தப் பக்கம் அலையின் தலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தால் திரும்புவது" என்ற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். திரும்பும் முடிவைக் கரையிலேயே எடுத்துவிட்டால், கடலில் அதைச் சரிபார்ப்பது மட்டுமே மிச்சம். கடலில் போய் முடிவெடுக்கலாம் என்று விட்டுவைத்தால், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணமும், நண்பர்களின் முகமும், துறைமுகத்தில் பதிவு செய்த இடமும் சேர்ந்துகொண்டு உங்களுடன் வாதாடத் தொடங்கும். அந்த வாதத்தில் மனிதன் பெரும்பாலும் தோற்றுத்தான் போகிறான்.

கேள்வி: எஞ்சின் கையேட்டில் உள்ள எரிபொருள் கணக்கை நம்பிப் பயணத்தைத் திட்டமிடலாமா? மூன்றில் ஒரு பங்கு விதி என்கிறார்களே, அது என்ன?

பதில்: கையேட்டுக் கணக்கு பெரும்பாலும் அமைதியான நீரில், அடிப்பாகம் சுத்தமான படகில், அளவான எடையுடன் எடுக்கப்பட்டது. உங்கள் படகில் நான்கு பேர், அவர்களின் மூட்டைகள், குடிநீர், நங்கூரச் சங்கிலி எல்லாம் இருக்கும். ஆகவே அதே எடையை ஏற்றிக்கொண்டு, பழகிய நீரில் ஒரு மணி நேரம் ஓட்டி, எத்தனை லிட்டர் செலவாயிற்று என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு விதி எளியது: போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு. விதி எளியது என்றாலும் அதைப் பயன்படுத்தும்போது பலர் ஒன்றை மறக்கிறார்கள். முந்தைய கேள்வியைக் கேட்டவரின் படகையே எடுத்துக்கொள்வோம். அமைதியான கடலில் 22 நாட் வேகத்தில் மணிக்கு 32 லிட்டர் செலவாகிறது என்று வைத்தால், 45 மைலுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஏறத்தாழ 65 லிட்டர் போதும். எதிர்க்காற்றில் அலை எழும்பி வேகம் 12 நாட்டாகக் குறைகிறது என்றால், படகு நீரின்மேல் எழும்பிச் சறுக்க முடியாமல் அணியத்தைத் தூக்கிக்கொண்டு நீரைத் தள்ளிக்கொண்டே போகும். அப்போது மணிக்கு 26 லிட்டர்தான் செலவாகிறது என்று பார்க்கும்போது சிக்கனமாகத் தோன்றும்; ஆனால் அதே 45 மைலுக்கு மூன்றே முக்கால் மணி நேரம் பிடித்து, 98 லிட்டர் எரிந்திருக்கும். மணிக் கணக்கில் குறைந்த செலவு மைல் கணக்கில் பாதியளவு கூடிவிட்டது. போகும்போது 98, மறுநாள் கடல் அடங்கி வரும்போது 65 என்றால் மொத்தம் 163 லிட்டர். 180 லிட்டர் தொட்டியில் 17 லிட்டர் மிஞ்சும். அதிலும் அடியில் தங்கியுள்ள கடைசிச் சில லிட்டரைக் குழாய் உறிஞ்சாது. அதாவது போகுமிடத்தில் எரிபொருள் கிடைக்காவிட்டால் இந்தப் பயணமே கூடாது. கிடைக்கும் என்று சொல்லப்பட்டால், எந்த நாளில், எத்தனை மணிவரை, உங்கள் எஞ்சினுக்கு வேண்டிய எரிபொருள்தானா என்பதை நேரில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

எரிபொருள் அளவு காட்டும் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். படகு அணியத்தைத் தூக்கும்போது அது ஒன்றைச் சொல்லும், தாழ்த்தும்போது வேறொன்றைச் சொல்லும். எஞ்சின் ஓடிய மணிகளைக் கொண்டு கணக்கிடுவதே மேல். இன்னொன்று: அமைதியான விரிகுடாவில் ஆண்டுக்கணக்கில் தொட்டியின் அடியில் படிந்து கிடந்த கசடும் நீரும், முதல் முறையாகப் பெரிய அலையில் படகு குலுங்கும்போதுதான் கலங்கி மேலே வரும். எனக்கு அது ஒரு முனையைச் சுற்றும்போது நேர்ந்தது. எஞ்சின் இருமுறை இருமியது, பிறகு அமைதி. வடிகட்டியைக் கழற்றும் பட்டைக்கருவி கையிலிருந்து நழுவிப் படகின் அடியறையில் கிடந்த எண்ணெய் நீருக்குள் விழுந்துவிட, அதைத் தலைகீழாகக் குனிந்து தேடியதில் பெட்ரோல் வாடை ஏறிக் குமட்டியது. மாற்று வடிகட்டி இருந்ததால் நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். அன்றுமுதல் இரண்டு வடிகட்டிகள், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை இறைக்கும் இம்பெல்லர் ஒன்று, ஒரு புரொப்பல்லர், அவற்றை மாற்றத் தேவையான கருவிகள் ஆகியவற்றைக் கயிறு கட்டிய பையில் வைத்திருக்கிறேன். கயிறு கருவிக்காக.

கேள்வி: நான் செல்லவிருக்கும் ஆற்றுமுகத்தின் குறுக்கே மணல்திட்டு ஒன்று உள்ளது. வரைபடத்தில் அதன்மேல் ஆழம் 1.2 மீட்டர். ஓத அட்டவணைப்படி, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் அட்டவணைப்படி, அன்று தாழ் ஓதம் 0.6 மீட்டர், உயர் ஓதம் 3.0 மீட்டர். என் படகு 0.9 மீட்டர் அமிழும். தாழ் ஓதத்திலேயே 1.8 மீட்டர் நீர் இருப்பதால் எந்த நேரத்திலும் நுழையலாம் அல்லவா?

பதில்: கூட்டல் சரி, முடிவு தவறு. மணல்திட்டில் நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஆழக்குறைவு அன்று, உடையும் அலை. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது அலை உடையத் தொடங்கும். தாழ் ஓதத்தில் 1.8 மீட்டர் நீர் இருக்கும்போது 1.4 மீட்டர் அலையே அங்கே உடையும். அந்த அலையின் பள்ளத்தில் இறங்கும் நேரத்தில் உங்கள் படகின் கீழே நீர் சொற்பமாகத்தான் இருக்கும்.

இப்போது பன்னிரண்டில் பங்கு விதியைப் போட்டுப் பாருங்கள். தாழ் ஓதத்துக்கும் உயர் ஓதத்துக்கும் இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் நீர் சீராக ஏறுவதில்லை. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் நான்காம் மணிகளில் மூன்று மூன்று, ஐந்தாம் மணியில் இரண்டு, ஆறாம் மணியில் ஒன்று என்று ஏறும். உங்களுக்கு மொத்த ஏற்றம் 2.4 மீட்டர், ஒரு பங்கு 20 சென்டிமீட்டர். நான்கு மணி நேரம் கழிந்தபின் 1.8 மீட்டர் ஏறியிருக்கும். தாழ் ஓதத்தின் 0.6 மீட்டரையும் வரைபடத்தின் 1.2 மீட்டரையும் சேர்த்தால் திட்டின்மேல் 3.6 மீட்டர். அதே 1.4 மீட்டர் அலை இப்போது உடையாமல் உருண்டு போகும். ஆகவே ஏற்றத்தின் நான்காம் மணியின் முடிவுக்கும் உயர் ஓதத்துக்கும் இடைப்பட்ட நேரமே உங்கள் கதவு. தவறித் தரைதட்டினாலும் ஏறும் நீர் உங்களைத் தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம்வரை அங்கேயே இருந்து அலையிடம் அடிவாங்க வேண்டியதுதான். வற்றும்போது வேறொரு கேடும் உண்டு: ஆற்றிலிருந்து வெளியே ஓடும் நீர் உள்ளே வரும் அலையோடு மோதி, அதைக் குறுக்கிச் செங்குத்தாக நிமிர்த்திவிடும்.

இந்த விதி ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் சீராக நிகழும் கரையோரங்களுக்கே பொருந்தும். சில கரையோரங்களில் நாளுக்கு ஓர் ஏற்றந்தான் உண்டு. அட்டவணை எந்த நேரக்கணக்கில் அச்சிடப்பட்டுள்ளது என்பதையும் பார்த்துவிடுங்கள். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழும். எனவே அழுத்தம் மிகுந்த, வானம் தெளிந்த நல்ல நாளில் அட்டவணை சொல்வதைவிட இருபது சென்டிமீட்டர் நீர் குறைவாக இருப்பது வியப்பன்று. அமாவாசை, பௌர்ணமியை அடுத்த ஓரிரு நாளில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம், நீரோட்டமும் வேகம். அட்டமியை ஒட்டி எல்லாம் அடங்கியிருக்கும். புது ஆற்றுமுகத்துக்கு முதல்முறை போகிறவர் அட்டமியைத் தேர்ந்தெடுத்தால் நான் அவரைக் கோழை என்று சொல்லமாட்டேன். மறுநாள் வெளியேறும் நேரத்தையும் மறக்க வேண்டாம். ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.

மணல்திட்டு இடம்மாறும் என்பதால் வரைபடத்தின் 1.2 மீட்டரை ஒரு பழைய செய்தியாகவே கொள்ளுங்கள். கடல் பக்கத்திலிருந்து பார்க்கும்போது உடையும் அலையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. ஒருமுறை நான் இத்தகைய ஆற்றுமுகத்துக்கு வெளியே படகை நிறுத்தி, வழவழப்பாக ஏதோ மேடு மேடாக நகர்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளூர் மீன்பிடிப் படகு ஒன்று என்னைக் கடந்து உள்ளே போயிற்று. கால் மைல் தூரத்தில் அது ஒரு மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. படகு மறைந்தது, கூரை மறைந்தது, கொடிக்கம்பின் நுனி மட்டும் ஒரு கணம் நீருக்கு மேல் நின்றது. நான் அன்று மேலும் இரண்டு மணி நேரம் வெளியே காத்திருந்து, நீர் ஏறியபின் நுழைந்தேன். உங்களுக்கும் அதுவே நல்லது: குறைந்தது பத்து நிமிடம் நின்று பாருங்கள், எந்த இடத்தில் அலை உடையவே இல்லை என்று கவனியுங்கள், முடிந்தால் உள்ளூர்ப் படகு ஒன்று போகும் வழியைப் பாருங்கள். நுழைந்துவிட்டால் ஓர் அலையின் முதுகில் ஏறிக்கொண்டு அதே வேகத்தில் செல்ல வேண்டும். அதை முந்திச் சரிவில் இறங்கவும் கூடாது, பின்தங்கி அடுத்த அலைக்குப் படகின் பின்முனையான அமரத்தைக் கொடுக்கவும் கூடாது.

கேள்வி: கைப்பேசியில் நல்ல கடல் வரைபடச் செயலி இருக்கும்போது காகித வரைபடமும் திசைகாட்டியும் தேவையா?

பதில்: தேவை. செயலியை நானும் பயன்படுத்துகிறேன்; செயற்கைக்கோள் சமிக்ஞைக்குக் கைப்பேசி அலைவரிசை வேண்டியதில்லை, வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொண்டால் போதும். ஆனால் உப்புநீர் தெறித்த திரையை ஈர விரல் நகர்த்தாது. வெயிலில் சூடேறிய கைப்பேசி தானே அணைந்துவிடும்.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. மின்னணு வரைபடத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது, திரை நெரிசலாகாமலிருக்கச் சில விவரங்கள் மறைக்கப்படும். 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸ் பாய்மரப் போட்டியில் டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, இந்தியப் பெருங்கடலில் மொரீஷியசுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஜோஸ் திட்டில் இரவில் மோதியது. அதிலிருந்தவர்கள் அனைவரும் உயிர் தப்பினர். உலகத்தரமான மாலுமிகள், உலகத்தரமான கருவிகள். திட்டும் வரைபடத்தில் இருந்தது, பெரிதாக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆகவே பாதை வரைந்தபின் அதன் முதல் அங்குலத்திலிருந்து கடைசி அங்குலம்வரை, முழுதும் பெரிதாக்கிய நிலையில் ஒருமுறை விரலால் ஊர்ந்து பாருங்கள். திசைகாட்டியின் பக்கத்தில் கைப்பேசியையோ ஒலிபெருக்கியையோ வைக்காதீர்கள், முள் விலகும். ஒரு பாகை விலகினால் 60 மைலுக்கு ஒரு மைல் தவறும் என்பது பழைய கணக்கு. பத்துப் பாகை விலகினால் ஆறு மைலிலேயே ஒரு மைல் தவறிவிடும்.

கேள்வி: துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவையை வலப்பக்கம் விட வேண்டும் என்று கற்றேன். வேறொரு நாட்டில் படகோட்டிய நண்பர் இடப்பக்கம் என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் சரி. மிதவை முறைகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டுக் குழப்பம் விளைவித்துவந்ததால் 1980இல் உலகம் இரண்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. வட, தென் அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை 'பி' மண்டலம். அங்கே கடலிலிருந்து உள்ளே நுழையும்போது சிவப்பு வலப்பக்கம். ஏனைய பகுதிகள் 'ஏ' மண்டலம். அங்கே சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். உள்ளே நுழையும் திசை எது என்பது துறைமுக வாயிலில் தெளிவு. கரையோரமாகச் செல்லும்போது தெளிவாக இருக்காது. அதற்கென வரைபடத்தில் ஓர் அம்புக்குறி அச்சிட்டிருப்பார்கள். அதைத் தேடிப் பிடியுங்கள்.

புதிய நீரில் எனக்கு மிகவும் பிடித்தவை கறுப்பும் மஞ்சளும் தீட்டிய திசை மிதவைகள். அவை எல்லா மண்டலத்திலும் ஒன்றே. வடக்கு மிதவை என்றால் அதற்கு வடக்கே செல்லுங்கள், ஆபத்து தெற்கே இருக்கிறது என்று பொருள். உச்சியில் இரண்டு கறுப்புக் கூம்புகள் இருக்கும். வடக்குக்கு இரண்டும் மேல்நோக்கும், தெற்குக்கு இரண்டும் கீழ்நோக்கும். மேற்குக்குக் கூம்பின் நுனிகள் ஒன்றையொன்று பார்த்து, உடுக்கைபோல இடை சிறுத்திருக்கும். கிழக்குக்கு அடிப்பாகங்கள் ஒன்றையொன்று பார்க்கும். இரவில் கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கிழக்கு மூன்று முறை மின்னும், தெற்கு ஆறு முறை மின்னி ஒருமுறை நீண்டு எரியும், மேற்கு ஒன்பது முறை, வடக்கு இடைவிடாமல். ஆனால் அறியாத துறைமுகத்துக்கு இரவில் போவதாகத் திட்டமே போடாதீர்கள். ஊரின் தெருவிளக்குகளுக்கும் வண்டி விளக்குகளுக்கும் நடுவே ஒரு சிறு பச்சை விளக்கைப் பிரித்தறிவது, பகலில் வரைபடத்தைப் பார்க்கும்போது தோன்றுவதுபோல எளிதன்று. சூரியன் மறைவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே சேர்ந்துவிடுமாறு கிளம்புங்கள்.

கேள்வி: காற்று 15 நாட், அலை 1.5 மீட்டர் என்கிறது வானிலை அறிக்கை. ஏழு மீட்டர் படகில் கிளம்பலாமா?

பதில்: இந்த இரண்டு எண்கள் போதாது. அறிக்கையில் வரும் அலை உயரம், எழும் அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஆகவே 1.5 மீட்டர் என்றால், நாள் முழுவதும் கடலில் இருப்பவர் கிட்டத்தட்ட 3 மீட்டர் அலை ஒன்றையாவது சந்திக்க நேரும் என்று கணக்கில் கொள்ள வேண்டும். அலைக்கும் அலைக்கும் இடையே எத்தனை வினாடி என்று பாருங்கள். பத்து வினாடி என்றால் அந்த 1.5 மீட்டர் உங்களைத் தொட்டிலில் ஆட்டுவதுபோல் ஏற்றி இறக்கும். ஐந்து வினாடி என்றால் முதுகெலும்பை எண்ணிப் பார்க்க வைக்கும். அடுத்து, நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசுமா என்று ஓத அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் நீரோட்டம் வேகம்பிடிக்கும். காற்று அதற்கு எதிராக இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு முன்பு சாதுவாக இருந்த இடம் கொதிக்கத் தொடங்கிவிடும். அந்த முனையை நீரோட்டம் நின்று திரும்பும் நேரத்தில் கடக்குமாறு கிளம்பும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். திரும்பும் நாளின் அறிக்கையும் நன்றாக இருந்தால்தான் கிளம்பலாம். போவதற்கு மட்டும் நல்ல வானிலை என்பது பாதி வானிலை.

கேள்வி: இந்தப் பகுதியின் முதல் கேள்வியை எழுதியவர் என் கணவர். அவர் எல்லாவற்றையும் திட்டமிடுகிறார். அவரே கடலில் விழுந்துவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, அப்படியெல்லாம் நடக்காது என்கிறார்.

பதில்: இந்தக் கேள்வியை முதலாவதாக வைத்திருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உங்கள் கணவர் எப்போதும் காலிலோ உயிர்காப்பு உடையிலோ மாட்டியிருக்க வேண்டும்; அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். மாட்டாவிட்டால், ஆளில்லாத படகு தானே வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரக்கூடும். அந்தக் கயிற்றுக்கு மாற்று ஒன்று படகில் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அதோடு கடலில் கிடக்கும்போது, நீங்கள் எஞ்சினைக் கிளப்ப அது தேவைப்படும். நால்வரும் கிளம்புவது முதல் இறங்குவதுவரை உயிர்காப்பு உடையைக் கழற்றக் கூடாது. இருக்கைக்கு அடியில் இருக்கும் உடை யாரையும் மிதக்க வைத்ததில்லை.

அவர் விழுந்தால் உடனே உரக்கச் சொல்லுங்கள். நண்பர்களில் ஒருவர் வேறெந்த வேலையும் செய்யாமல், கையை நீட்டி விழுந்தவரையே சுட்டிக்கொண்டிருக்க வேண்டும். அலைகளுக்கு நடுவே ஒரு தலையைப் பார்வையிலிருந்து விட்டுவிட்டால் மீண்டும் கண்டுபிடிப்பது கடினம். மிதக்கக்கூடியது எது கையில் கிடைத்தாலும் எறியுங்கள். பிறகு மெதுவாகச் சுற்றிவந்து, காற்றுக்கு எதிர்முகமாக அவரை நெருங்கி, எட்டும் தூரத்துக்கு முன்பே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். நியூட்ரலில் வைப்பது போதாது; நிறுத்துங்கள்.

படகில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். ரேடியோவைப் பயன்படுத்த நீங்களும் பழக வேண்டும். சானல் 16, முழுத் திறன். மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் உங்கள் அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். இணைத்திருந்தால் இருப்பிடமும், தானாகவே போய்ச்சேரும். அதன்பின் உயிராபத்தைத் தெரிவிக்கும் அழைப்பான "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, இருப்பிடம், என்ன நேர்ந்தது, என்ன உதவி தேவை, எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் பொத்தானிலிருந்து விரலை எடுங்கள். எடுக்காவிட்டால் பதில் உங்களுக்குக் கேட்காது. இவற்றை ஓர் அட்டையில் எழுதி ரேடியோவின் அருகே ஒட்டுங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புப் பிரிவை அழைக்க வேண்டும் என்பதை எழுதி, கரையிலுள்ள பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சேர்ந்ததும் அவருக்குச் சொல்லவும் மறக்காதீர்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: பயணத்துக்கு முன், உங்கள் விரிகுடாவிலேயே ஒரு நாள் காலையில் மிதவை மெத்தை ஒன்றைக் கடலில் எறிந்துவிட்டுச் சுக்கானை மனைவியிடம் கொடுங்கள். அவர் மும்முறை அதனருகே படகைக் கொண்டுவந்து நிறுத்தி, மெத்தையைக் கையால் எடுத்துக் காட்டும்வரை நீங்கள் பின்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.